அரசர் போர்த்தாத அங்கி

மந்திரி அங்கியைப் போட்டுக்கொண்டு தையல்கடை ஜன்னலில் நின்றது நான்தான்.

பதவி கிடைக்கவிருந்தது அண்ணனுக்கு; உடம்பு எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. அவர் அரசவையில் இருந்ததால், சத்தம் காட்டாமல் போய் அளவு கொடுத்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். சிவப்புப் பட்டு தோளில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போன பால்காரனுக்குக் கையுயர்த்தி ஆசி வழங்கினேன். அந்த நேரம் பார்த்து எதிர் மாளிகையின் குதிரைவண்டி கடந்து போயிருக்கிறது.

அரசர் தன் கையால் போர்த்துவதற்கு முன்னால் அந்த அங்கியைத் தைத்துக்கொள்வது எங்கள் நாட்டில் அரச அவமதிப்பு. எல்லாரும் முன்கூட்டியே தைக்கத்தான் செய்கிறார்கள். ஜன்னலில் யாரும் நிற்பதில்லை. விடிந்தபோது பதவி எதிர் மாளிகைக்குப் போயிருந்தது.

எதிர் மாளிகை அண்ணியின் பிறந்த வீடு. இரண்டு குடும்பத்துப் பகையைத் தீர்க்கவென்று நடத்திய கல்யாணம் அது. பகை தீரவில்லை, தேய்ந்தது அண்ணிதான்.

காலைச் சாப்பாட்டில் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார். "அங்கி தைக்கிறது இந்த வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும். உன் அண்ணன்கிட்ட ஓதிட்டியா? எங்க உப்பைத் தின்னுட்டு எங்களுக்கே குழி பறிக்கிறியே..."

அண்ணி வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பால் ஊற்றக் குனிந்தவர், என் தோளிலிருந்து எதையோ பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். முந்தின நாள் சட்டையையே போட்டிருந்த எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா சாவிக்கொத்தைக் கேட்டார். இன்றைக்கே கிளம்பச் சொன்னார். அண்ணன் தன் தட்டில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

சாவிக்கொத்து மேஜையில் விழுந்த சத்தத்தில்தான் எனக்கு நாக்கு வந்தது. ஜன்னல், பால்காரன், ஆசி எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைத் தூக்கில் போடுவார்கள் என்று நினைத்தேன். அம்மா பெருமூச்சுவிட்டு, சின்ன வயதிலிருந்தே இவனுக்கு விளையாட்டுப் புத்தி என்றார். அவ்வளவுதான். அதே குற்றத்துக்கு அண்ணிக்கு வாசல், எனக்கு இன்னொரு டம்ளர் பால்.

டம்ளரைத் தட்டிவிட்டு, "அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளுங்கம்மா" என்றேன். அம்மா சுவரைப் பார்த்தார். அண்ணன்தான் குறுக்கே வந்து, விஷயம் தெரிந்துவிட்டதே, சாவியை எடுத்துக்கொள் என்று மனைவியிடம் சமாதானம் பேசினார்.

அண்ணி பெட்டியைத்தான் எடுத்தார். வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். அங்கே நின்று உள்ளங்கையைத் திறந்து காட்டினார். குண்டூசி. தையல்காரர் என் சட்டைத் தோளில் மறந்து விட்டுவைத்தது.

"அப்போ என் வேலைன்னு முதல்லயே தெரியுமா அண்ணி? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னா பேசாம இருந்தீங்க?"

இத்தனை வருடமாக நான் எதைக் கேட்டாலும் "போப்பா" என்று சிரித்து மழுப்புகிறவர், இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தார்.

"உனக்காக இல்லப்பா. 'என் பொண்டாட்டி அப்படிச் செய்ய மாட்டா'ன்னு உங்க அண்ணன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வருமான்னு காத்திருந்தேன். வரல. உண்மை தெரிஞ்சதுக்கப்புறம் அதை யார் வேணும்னாலும் சொல்லலாம்."