சுவரைப் பார்த்து நில்

கணக்கு டீச்சராக அவள் சேர்ந்த அன்று, முதல்வர் அம்மாவே கூட நடந்து பள்ளியைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மாளிகைகள். அந்தக் குடும்பம் நொடித்த பிறகு வௌவால்கள் குடியிருந்தன. இப்போது வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். மரப்படிகளுக்கு மெருகேற்றி, உடைந்த வண்ணக் கண்ணாடிகளை மாற்றி, எல்லாவற்றையும் பழையபடியே ஆக்கியிருந்தார்கள். அந்தப் 'பழையபடியே'யில்தான் முதல்வருக்குப் பெருமை.

சமையல்கட்டுக்குப் போகும் பின்நடையில் மட்டும் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

"வேலைக்காரங்க பிள்ளைங்க தப்பு பண்ணினா இங்கதான் சுவரைப் பாத்து நிக்க வெப்பாங்களாம். வீட்டம்மா 'திரும்பு'ன்னு சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது. நாங்களும் அதையே வெச்சுக்கிட்டோம். அடி இல்ல, திட்டு இல்ல. பாரம்பரியம் பாருங்க!"

நல்ல பாரம்பரியம். டீச்சரும் தலையாட்டினாள். இந்த வேலை இருக்கும்வரைதான் அவளுடைய எட்டு வயது மகளுக்கும் இங்கே படிப்பு. வேலை போனால் அந்தப் பிள்ளை கேட்டுக்கு வெளியே.

மகள் அவள் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்ததுதான் வினை. மற்ற பிள்ளைகளை நடையில் நிறுத்தினால் மறுநாளே பெற்றோர் காரில் வந்து இறங்கிவிடுவார்கள். கேட்க ஆளில்லாத பிள்ளை ஒன்றுதான் இருந்தது. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒரு பேச்சு வந்தால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் ஊரார் பிள்ளைகளுக்கு வெண்ணெய், பெற்றதற்குச் சுண்ணாம்பு. பென்சில் கீழே விழுந்தாலும், "போ, நடையில நில்லு."

அன்று வாய்ப்பாட்டில் ஒரு தடுமாற்றம். மகள் தானாகவே எழுந்து நடைக்குப் போனாள்.

பள்ளி விடும் நேரத்தில், ஒரு பையனின் அப்பா அரை மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு டீச்சரைப் பிடித்துக்கொண்டார். அவரிடமிருந்து தப்பி வந்தபோது பேருந்துகள் போயிருந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்து, கரண்டும் போயிருந்தது.

அப்போதுதான் மகள் நினைவு வந்தது. ஓடினாள்.

நடையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நனைந்த சாம்பல் வாசனை. அதற்கடியில் நெடுநாள் துவைக்காத துணியின் வீச்சம். சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

"பாப்பா?"

மூச்சுச் சத்தம் கேட்டது.

இரண்டு பேர் மூச்சு.

"மெதுவா பேசும்மா," மகள் கிசுகிசுத்தாள். "பக்கத்துல ஒரு அக்கா நிக்குது. அதை இன்னும் யாருமே திரும்பச் சொல்லலையாம்."

டீச்சர் இருட்டில் கையை நீட்டித் துழாவினாள்.

"யாரும் இல்லடி... போதும். திரும்பு. அம்மா சொல்றேன்ல, திரும்பு!"

கல்தரையில் வெறுங்கால் உரசியது.

சின்ன உடல் ஒன்று வந்து அவள் மேல் மோதியது. அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"இனிமே உன்ன நிக்க வெக்க மாட்டேன் கண்ணு. இந்த வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாம போயிடலாம்."

தோளில் தலை மெல்ல அசைந்தது.

முன்வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு தூரம் ஓடியும் இடுப்பு வலிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எடையே இல்லை.

பின்னால், நடையின் இருட்டிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அம்மா... நீ சொன்னதும் அக்கா திரும்பிடுச்சு. நான் எப்பம்மா திரும்பணும்?"

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

குளிர்ந்த சின்னக் கை ஒன்று அதைப் பொத்தியது.