ஏரிக்குள் ஒரு பெஞ்சு

முன் பெஞ்சிலிருந்து கைகுலுக்கல் இன்னும் கிளம்பவில்லை.

கோடை முகாமில் தினமும் மாலை மௌனக் கூட்டம் அப்படித்தான் முடியும். முகாமை நடத்தும் மார்ஜரி பக்கத்தில் இருப்பவரின் கையைக் குலுக்குவார், அது ஆள் மாறி ஆள் மாறிப் பின்னால் வரும், பிறகு சாப்பாடு. இன்றைக்கோ வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, பைன் மரங்களுக்கடியில் முகங்கள் மங்கி, சமையல் கொட்டகையிலிருந்து வந்த சோள ரொட்டி வாசனைகூட ஆறிப்போய்விட்டது. மார்ஜரி அசையவே இல்லை.

கோராவுக்கு உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது. பகலெல்லாம் துடுப்புப் போட்டதில் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அதைவிடத் தூக்கம் இல்லாததுதான் கொடுமை. தம்பி ஆசா முகாமுக்குப் புதுசு. ராத்திரியானால் வீட்டு நினைப்பில் அழுதுகொண்டு அவள் கேபினுக்கு வந்து கொசுவலைக் கதவைப் பிறாண்டுவான். 'தம்பியைப் பார்த்துக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அம்மா காரில் ஏறிப் போய்விட்டாள். அம்மாவுக்கென்ன, சொல்வது சுலபம். இப்போதும் அவன் அவள் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் எவ்ளோ நேரம் கோரா?"

"வாய மூடுடா. உன்னாலதான் லேட்டாகுது."

"நான் என்ன பண்ணேன்?"

"பேசறல்ல?"

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. சின்னப் பிள்ளையின் குரல், தொண்டையில் சளி கட்டினாற்போல்.

"என் பக்கத்துல யாருமே உக்கார மாட்டேங்கறாங்க."

மௌனத்தில் மனம் தூண்டினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை, பதில் சொல்வதுமில்லை. கண்ணை மூடி, சொன்னதை மனசுக்குள் வாங்கிக்கொள்வார்கள். இப்போதும் அப்படித்தான். முன்னால் யாரோ உருகிப்போய்ப் பெருமூச்சு விட்டார்கள்.

"பாவம்ல?" என்றான் ஆசா.

பெஞ்சிலிருந்து இறங்கினான். தோளில் பாரம் போனது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது, நிஜமாகவே. கண்ணை மூடிக்கொண்டாள். காய்ந்த ஊசியிலைகள் அவன் காலடியில் நொறுங்கிக்கொண்டே போயின. பிறகு சளக். சளக்.

கோரா கண்ணைத் திறந்தாள்.

அவர்கள் உட்கார்ந்திருந்ததுதான் கடைசி பெஞ்சு. பின்னால் ஏரி மட்டும்தான்.

துள்ளி எழுந்தாள். "ஆசாவக் காணோம்! தண்ணில எறங்கிட்டான்! யாராச்சும் பாருங்களேன்!"

யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்று பேசிவிட்டாள் அல்லவா? தலைகள் இன்னும் கொஞ்சம் குனிந்தன. மார்ஜரியின் கை நெஞ்சுக்குப் போனது. பிள்ளை மனசிலிருந்து பேசுகிறது, கலைக்கக் கூடாது. சொன்னதை எல்லோரும் மனசுக்குள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த முகாம் அண்ணன் எல்வுட்டைப் பிடித்து உலுக்கினாள். "நெஜமாத்தான் சொல்றேன்! என் தம்பி!"

அவன் கண்ணைத் திறக்காமலே அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

பாசி நாற்றம். முன்னால் மௌனம். பின்னால் அதைவிடப் பெரிய மௌனம்.

திரும்பினாள்.

ஏரிக்குள் ஒரு பெஞ்சு. முக்கால்வாசி முங்கியிருந்தது. அதன்மேல் வரிசையாகச் சின்னச் சின்ன முதுகுகள். ஈரத் தலைகள். நிமிர்ந்து, ஆடாமல்.

ஓரத்தில் ஆசா. அவனுடைய கோடு போட்ட சட்டை.

"ஆசா! எந்திரிடா! வா!"

அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்துத் தோளில் தலை சாய்த்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. இத்தனை ராத்திரியில் முதல்முறையாக அழாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் அவன் மோவாயைத் தொட்டது.

அவள் ஓடினாள். முழங்கால் வரை தண்ணீர். இடுப்பு வரை. ஐஸாகக் குளிர்ந்தது. கையை எட்டிப் போட்டாள்.

அந்த முதுகுகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சத்தமில்லாமல், மரியாதையாக, வரிசை முழுவதும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டது.