பேச்சுத் துணை

காப்பித் தம்ளரை நீட்டும்போதே ஜெபகனி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க சொன்னத நெனச்சி அடுப்படியில தனியா நின்னு சிரிக்கேன். பாக்குறவுக கோட்டின்னு நெனைப்பாக."

வேதமணி தாளிலிருந்து தலையைத் தூக்கினான். நேற்று அவன் எதுவும் சொல்லவில்லை. நேற்றென்ன, இந்த மாதமே மனைவியிடம் வாய்விட்டுப் பேசியதாக நினைவில்லை. புதுத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் வேலை. வீடு வந்தால் நாவல். செத்துப்போன எழுத்தாளர் ஆறுமுகநயினார் தன் மனைவி பேச்சியோடு வாழ்ந்த வாழ்க்கையைக் கற்பனையாக எழுத வேண்டுமென்று, திரேஸ்புரத்தில் அவர் குடியிருந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்திருந்தான். அப்போது பிடித்தது சனியன். சொந்தக்காரர்களைக் கேட்டால் வாயில் கொழுக்கட்டை. எழுதினாலோ, மனுஷன் மேடையில் பேசுகிறார், மாலை வாங்குகிறார், வீட்டுக்குள் நுழைந்ததும் மரக்கட்டையாகிவிடுகிறார். கிழித்துப் போட்ட தாளில் ஜெபகனி அடுப்பே பற்றவைத்தாள்.

"என்ன சொன்னேன்?" என்றான் எரிச்சலாக.

"கரண்டு போனப்ப கட்டில்ல உக்காந்து சொன்னியள்ளா! அந்த மனுசன் எழுத உக்காந்தா பொண்டாட்டிகிட்ட பேசவே மாட்டாராம். ஏசவாவது செய்யட்டும்னு பேச்சி கொழம்புல உப்ப அள்ளிப் போடுவாளாம். அதையும் வாயத் தொறக்காமத் தின்னுட்டுப் போவாராம்."

நேற்று கரண்டு போன நேரத்தில் வேதமணி கப்பலடியில் நின்றிருந்தான். சொல்லிவிட வேண்டுமென்று வாயெடுத்தான். ஆனால் அந்த உப்பு! இத்தனை நாள் கல்லில் நார் உரித்தவனுக்கு அது போதாதா? மதியத்துக்குள் ஓர் அத்தியாயம் ஓடிவிட்டது. வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டான், பாவி.

அதிலிருந்து, இருட்டும் நேரத்தில் தான் வீட்டில் இல்லாதபடி சாயங்கால வேலையைக் கேட்டு வாங்கினான்; அவள் தூங்கிய பிறகே வீடு திரும்புவான். காலையில், "அப்புறம் என்ன சொன்னேன்?" என்பான். "சொன்னவுகளுக்கே மறந்து போச்சா?" என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினான். கல்யாணமான புதிதில் இருந்த பளபளப்பு அவள் முகத்தில் திரும்பியிருந்தது. பயத்தைவிட அதுதான் அவனை அரித்தது. கட்டிலில் அவன் தலையணை ஈரமாக இருந்தது. கரையில் குவித்து அழுகவிட்ட முத்துச்சிப்பியின் நாற்றம் அதில். ஆறுமுகநயினார் காலத்தோடே இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்காகிறது. "இருட்டுல ஒங்க கை ஏன் இப்பிடிக் குளுந்து கெடக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். அதையும் அவன் எழுதிக்கொண்டான்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். பேச்சி எப்படிச் செத்தாள்?

"அத மட்டும் கேட்டா பேச்ச மாத்திருதிய" என்றாள் ஜெபகனி.

"இன்னைக்குக் கேளு."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. இது ஒன்று கிடைத்ததும் வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டான்.

அன்று ஐப்பசி மழையில் துறைமுக வேலை நின்றுபோயிற்று. பொழுது சாயுமுன்பே வானம் கறுத்து, உப்பளப் பக்கமிருந்து சுழற்றியடித்த காற்று தெரு முழுவதும் கரண்டைப் பிடுங்கிக்கொண்டு போக, அவன் நனைந்த சட்டையோடு சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தான். அறைக்கதவு சாத்தியிருந்தது. ஓட்டில் மழை. இடுக்கில் சிப்பி நாற்றம். அதற்குள்ளிருந்து, இருமல் உட்பட, அவனுடைய குரல்.

அவன் கதவைத் தள்ளவில்லை. காதை வைத்தான்.

"பேச்சியா? அன்னைக்கு வாய் ஓயாமப் பேசுனா. நான் எழுதிக்கிட்டு இருந்தேன்."

"நீங்களா?" ஜெபகனி சிரித்தாள்.

"சத்தம் நிக்கட்டும்னு வாயப் பொத்துனேன்."

சிரிப்பு நின்றது.

"ஏங்க..." என்றாள்.

"என்ன?" என்றது குரல். அத்தனை பிரியமாக.

வேதமணி தள்ளினான். கதவு அசையவில்லை. உதைத்தான்.

"ஏங்க!" உதை கேட்ட கதவுப் பக்கமாக ஜெபகனி கூப்பிட்டாள்.

"என்ன?" என்றது மறுபடி, உள்ளிருந்தே.

'ஏங்க' என்றால் உள்ளே இருப்பதுதான் பதில் சொல்லும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தாலி ஏறிய நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரைச் சொல்லி ஜெபகனி அலறினாள்.

"வேதமணீ!"

அவன் வாயைத் திறந்தான். காற்று வந்தது. குரல் வரவில்லை.

"இங்கனதான் இருக்கேன், ஏளா" என்றது குரல்.

வேதமணி ஊமையாய்க் கதவை அறைந்தான். உள்ளே, அவள் கால்கள் கட்டிலில் உதைபடும் சத்தம்.