இரண்டடிப் பலகை... ஆறடிப் பிணம்!

"யா அல்லாஹ்...!"

காலை ஒன்பதரை மணிக்குக் கிணற்றுச் சந்தில் கிளம்பிய அலறல், ஜொகூர் பாரு கடைத்தெருவைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அலறியவள் காதர் பீவி. வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கும் விதவை.

அலற வைத்தவர் செல்லப்பன். முனிசிபல் ஆபீஸின் பலகை இன்ஸ்பெக்டர்.

அவர் பீவியின் வாசலில் குப்புறக் கிடந்தார். காதில் சொருகிய பென்சில் சொருகியபடியே இருந்தது. பின்மண்டைதான் பிளந்திருந்தது!

அவருக்கு நேர் மேலே ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது.

'இங்கு இடியாப்பம் கிடைக்கும்.'

வருஷம் 1929. குடியிருக்கிற வீட்டில் பலகை மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மனு போட வேண்டும். பர்மிட் வாங்க வேண்டும். பலகை இரண்டடியைத் தாண்டக் கூடாது. வீடு வீடாகப் போய் அதை அளப்பதுதான் செல்லப்பனின் உத்தியோகம்.

இன்றைக்கு யாரோ அவரையே அளந்துவிட்டார்கள்!

துப்பறியும் சார்ஜன்ட் ஜெயபாலன் மாத்தா-மாத்தா என்று ஊர் சொல்லும் போலீஸ்காரர்கள் இருவருடன் வந்து சேர்ந்தார். பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்த கனத்த மர உரலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ரத்தம்.

"இது யாருது?"

"என்னோட இடியாப்ப உரல்தான் தம்பி..." கதவுக்குப் பின்னாலிருந்து பீவியின் குரல் வந்தது. வெளி ஆண்கள் முன்னால் வராதவள். "கழுவி வாசல்ல காய வெச்சிருந்தேன்."

"செல்லப்பன் எதுக்கு வந்தாரு?"

"பர்மிட்டைக் காட்டுன்னாரு. கதவிடுக்கு வழியா நீட்டினேன். வெளிச்சத்துல பார்த்துட்டுத் தர்றேன்னாரு. ரொம்ப நேரமாச்சு, ஆளையே காணோம். எட்டிப் பார்த்தா..."

"நேத்து அவரோட சண்டையாமே?"

"பலகையைக் கழட்டுவேன்னாரு. கழட்டித்தான் பாருங்களேன்னேன். அவ்வளவுதான்! தினமும் பத்து இடியாப்பம் வாங்குற மனுசன் தம்பி. வாடிக்கைக்காரரை எவளாவது கொல்லுவாளா?"

ஜெயபாலன் பிணத்தின் கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கசங்கிய பர்மிட்!

ஜாவியில் இருந்தது. அதாவது, மலாய் மொழி... அரபு எழுத்து. ஜெயபாலனுக்கு அது கோழிக் கிறுக்கல்.

"நான் படிச்சுச் சொல்லட்டுமா, சார்ஜன்ட்?"

கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து கேட்டவர் கிபாயத்துல்லா. ஊருக்கே மனு எழுதித் தருகிறவர். வெள்ளைக் கோட்டு. மூக்குக்கண்ணாடி. கக்கத்தில் குடை.

அப்போது மழை தூற ஆரம்பித்தது. பிணத்துக்கு ஒரு சாக்கு போர்த்தினார்கள். கூட்டம் எதிர்வீட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடியது. கிபாயத்துல்லா மட்டும் அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் போல வாசித்தார்.

"'பாபான் இனி...' இந்தப் பலகைக்கு ஆபீஸ் அனுமதி உண்டுன்னு... அலமாக்! சார்ஜன்ட், இது போலி!"

"எப்படிச் சொல்றீங்க?"

"முத்திரையைப் பாருங்க. ஆபீஸ் முத்திரை வட்டம். இது முட்டை!"

"எழுத்து?"

"எழுத்துல ஒரு குறையும் இல்ல. முத்திரைதான் பொய்." குரலைத் தாழ்த்தினார். "செத்தவரைக் குறை சொல்லக் கூடாது... ஆனா ஆபீஸ் தாளு வேற யார் கைக்கு வரும்? இவரே போலி பர்மிட் வித்திருக்காரு. பீவிக்கு இன்னிக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு. உரல் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு..."

தாழ்வாரம் 'உச்' கொட்டியது. காதர் பீவியின் கழுத்துக்குக் கயிறு தயார்!

"பீவிம்மா, இதை உங்களுக்குத் தந்தது யாரு?"

"பலகை மாட்டணும்னு சந்து முழுக்கச் சொல்லிட்டிருந்தேன். ஒருநாள் கதவிடுக்குல ஒரு கை வந்துச்சு. 'ஆபீஸ் பர்மிட்'னு ஒரு குரல். வாங்கிக்கிட்டுப் பணத்தை நீட்டினேன். முகத்தைப் பார்க்கலை."

"போலியா இருக்கும்னு தோணலையா?"

"எப்படித் தோணும்? ஒரு எழுத்து விடாம நானே வாசிச்சேனே!"

ஜெயபாலன் புருவம் உயர்ந்தது.

"உங்களுக்கு ஜாவி தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாததை எப்படி வாசிச்சீங்க?"



"பார்த்தீங்களா!" துள்ளினார் கிபாயத்துல்லா. "வாயைத் திறந்தா பொய்!"

"பொய்யில்ல கிபாயத்துல்லா நானா!" கதவு அதிர்ந்தது. "சின்ன வயசுல கிதாபு ஓதினவ நான். தமிழை அரபு எழுத்துல எழுதுவாங்களே, அந்த அரபுத்தமிழ். மலாய் காதால கேட்டுப் பழக்கம். ஆபீஸ் காயிதம்னா பாதியில தடுக்கும் தம்பி. இது மட்டும் தடுக்கலை!"

ஜெயபாலன் ஒரு விநாடி யோசித்தார். பிறகு எதிர்ச்சுவருக்குப் போனார். பர்மிட் இல்லாத பலகைகள் அகற்றப்படும் என்று ஆபீஸ் ஒட்டியிருந்த ஜாவி அறிவிப்பை அப்படியே உரித்தார். கதவிடுக்கில் நீட்டினார்.

"வாசிங்க."

"ஆ... ஆன்... இது என்ன எழுத்து? தலைக்கு மேல மூணு புள்ளி!"

"இப்ப இதை." பர்மிட்டை நீட்டினார்.

"பாபான் இனி..."

வழுக்கிக்கொண்டு வந்தது!

ஜெயபாலன் இரண்டு தாள்களையும் வாங்கி அருகருகே பிடித்தார். பலகைக்கு மலாயில் பாபான். ஒரே சொல்லில் இரண்டு 'ப'. அறிவிப்பில் 'ப'வுக்கு மேலே மூன்று புள்ளி. பர்மிட்டில்... மேலே ஒன்று, கீழே ஒன்று!

வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? சார்ஜன்டுக்கு எண்ணத் தெரியும்!

"எங்க கிதாபுல 'ப' அப்படித்தான் தம்பி," என்றது கதவு.

ஜெயபாலன் கிபாயத்துல்லா பக்கம் திரும்பினார். "பாய்... செல்லப்பனுக்கு அரபுத்தமிழ் தெரியுமா?"

"அவனா? தோட்டத்துல பொறந்தவன். அவனுக்கு எப்படி..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார் கிபாயத்துல்லா.

"அப்ப எழுதினது அவர் இல்ல!"

"ஜொகூர்ல கிதாபு ஓதினவங்க நூறு பேர் இருக்காங்க, சார்ஜன்ட்!"

"இருக்காங்க. ஆனா தினமும் ஜாவி எழுதுற நீங்க இந்த 'ப'வைப் பார்த்துத் தடுமாறவே இல்லையே? முட்டை முத்திரை கண்ணுல பட்டுச்சு. எழுத்து மட்டும் சுத்தமாம்! தன் கையெழுத்துத் தப்பு தனக்குத் தெரியாது பாய். மனு எழுதும்போது கவனம் இருக்கும்... திருட்டு வேலையில பழைய கை வந்துடும்!"

"இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது."

"வாஸ்தவம், நிக்காது." ஜெயபாலன் வானத்தைப் பார்த்தார். "மழை வலுக்குது. குடையை விரிங்க."

"...என்ன?"

"இவ்வளவு நேரமா நனையுறீங்க. நாலு தடவை கண்ணாடியைத் துடைச்சாச்சு. குடை மட்டும் கக்கத்தை விட்டு இறங்கலை. செல்லப்பன் காதுல பென்சில் இருக்கு... அளவு எழுதுற நோட்டைக் காணோம். விரிங்க பாய்!"

கிபாயத்துல்லா ஓடினார். நாலே அடி! இரண்டு மாத்தா-மாத்தாக்களும் அவர் மேல் விழுந்தார்கள். குடை விரிந்தது.

பொத்!

நோட்டு விழுந்தது. கடைசிப் பக்கத்தில் போலி பர்மிட் வாங்கிய ஏழு வீடுகளின் பட்டியல். கீழே ஒரு பெயர். 'கிபாயத்துல்லா?'

"அந்த வழியா வந்தேன்... கூப்பிட்டான்..." கிபாயத்துல்லா கிடந்தபடியே முனகினார். "'இது என்ன எழுத்து, பாய்?'ன்னு கேட்டான். கேட்டுட்டு என் மை படிஞ்ச விரலையே பார்த்தான். அப்புறம் திரும்பி நின்னு நோட்டை எடுத்தான்... அதுல ஏற்கெனவே என் பேரு இருந்துச்சு! உரலால அடிச்சுட்டு நோட்டைப் பிடுங்கிட்டேன். பர்மிட்டைப் பிடுங்குறதுக்குள்ள கதவுச் சத்தம் கேட்டு ஓடிட்டேன்..."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"நீங்க தப்பிச்சீங்க, பீவிம்மா!"

"அல்லா உங்களை நல்லா வெச்சிருப்பான் தம்பி! பத்து இடியாப்பம் கட்டித் தரவா?"

"இருங்க." ஜெயபாலன் செல்லப்பனின் டேப்பை எடுத்துப் பலகையில் வைத்தார். முகம் மாறியது. "ரெண்டரை அடி! பர்மிட்டும் போலி. கொலைக் கேஸ்ல விடுதலை... பலகைக் கேஸ்ல மாட்டிக்கிட்டீங்க. கழட்டி வெச்சிட்டுப் புதுசா மனு போடுங்க."

கதவிடுக்கிலிருந்து பதில் வந்தது.

"போடறேன் தம்பி. ஊருல மனு எழுதுற ஒரே ஆளுக்கும் நீங்க விலங்கு மாட்டிட்டீங்க... அவர் வலது கையை மட்டும் அஞ்சு நிமிஷம் அவுத்து விடுங்க. 'ப'வுக்கு மூணு புள்ளி வைக்கிறாரான்னு நான் இங்கேருந்தே பார்த்துக்கறேன்!"