துணைக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்

"கூட யாரும் வரலையாம்மா?" நர்ஸ் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"அறுபது மீட்டர் உயரத்துல தனியா கிரேன் ஓட்டுறவ சிஸ்டர் நான். எனக்கு நானே துணை."

குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஒரு வருடம். இன்று குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் நாள். கூட வந்தால் அழுதே தீர்த்துவிடுவான் என்று அண்ணனிடம் தேதியை மாற்றிச் சொல்லியிருந்தாள்.

"மயக்க மருந்து குடுப்போம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்னா இன்னிக்குக் கிடையாது. அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சுதான்."

இரண்டு மாதமா... உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படித் தூங்குவாள்?

"நான் இருக்கேன் சிஸ்டர்."

எதிரே பழுதுபார்க்கத் திறந்து கிடந்த லிஃப்டுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கையெல்லாம் கிரீஸ். கண்கள் மட்டும்... மழை கழுவிவிட்ட வானம் போல.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" அவள் முறைத்தாள். "பாவம் பாக்குறீங்களா?"

"லிஃப்ட் மெக்கானிக் போய் கிரேன் ஓட்டுறவங்களப் பாவம் பாக்குறதா? பொறாமைங்க."

அவளுக்கு வேறு வழியில்லை. துணை ஆள் என்று அவன் கையெழுத்துப் போட்டான்.

கண் விழித்தபோது பக்கத்திலேயே இருந்தான்.

"ஏதாவது உளறினேனா?"

"கொக்கிய இறக்கு, கொக்கிய இறக்குன்னு ஒரே அதட்டல். இறக்கிட்டேன்னு சொன்னப்புறம்தான் விட்டீங்க."

சிரித்தால் வயிறு வலித்தது. சிரித்தாள். குடல் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "வலிச்சா கூப்பிடுங்க," என்று நம்பர் கொடுத்தான். வலிக்கவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. கட்டிலில் துவண்டு கிடந்தவளைப் பார்த்த கண்கள் அவை... அவற்றின் முன்னால் மறுபடி போய் நிற்பதா?

மூன்று மாதம் அந்த ரோஷம் தாங்கியது.

ஒரு மழை நாள். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், ஊரே காலடியில் நனைய, அவள் நம்பரை அழுத்தினாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி. வர்றீங்களா?"

"ஐயோ... மறுபடி கேமராவா?"

"இல்ல. ரத்தம் எடுப்பாங்க. அஞ்சு நிமிஷம்."

"அதுக்கு உதவிக்கு ஆள் தேவையில்லையே..."

"தேவையில்லதான்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உதவிக்கு ஆள் வேண்டாம். நீங்க வேணும்."