காலியாகக் கிடந்த கருவறை

அன்றைக்கு விளக்கை அணைத்தது அவள் புருஷன்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அதைச் செய்ததே இல்லை. கோயில் தூணையே புரட்டிப்போடும் கல்தச்சன், இருட்டென்றால் மட்டும் தொடைநடுங்கி. "ஏய், லைட்ட அணைக்காத" என்று சொல்லாமல் படுக்கமாட்டான். "இவ்ளோ பெரிய மீசைய வச்சிக்கிட்டு இப்படிப் பயந்து சாகறீங்களே, வெக்கமா இல்ல?" என்று அவள் சீண்டினால், சிரித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவான்.

அன்று அவனே எழுந்து சுவிட்சைத் தட்டினான். மல்லாந்து படுத்தான்.

வேலை அலுப்பு என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பழைய எண்ணெயும் ஈரக் கல்லும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு வாடை, குளித்துவிட்டு வந்த அந்த உடம்பிலிருந்து கிளம்பி, தலையணை, போர்வை, அவள் கூந்தல் என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தேடிப் பிடித்தாள். ஜில்லென்றிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. தெருவிளக்கின் கீற்றில் அவன் கண்கள் திறந்தே கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இமைக்கவில்லை.

விடிந்ததும் திருப்பணி நடக்கும் கோயிலுக்கு ஓடினாள்.

"அண்ணே, அவருக்கு என்ன ஆச்சு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நேத்து மத்தியானம் கருவறைக்குள்ள போய்ப் படுத்துட்டான் தங்கச்சி. வெயில் மண்டையப் பொளக்குது. அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்."

"கருவறைக்குள்ளயா? ஐயையோ!"

"பதறாத. வேலை முடியற வரைக்கும் சாமியக் கும்பத்துல இறக்கி, அதோ, கொட்டகையில வச்சிருக்காங்க. உள்ள இருக்கறது வெறும் கல்லுதான். லைட்டும் கட்டியிருந்தோம். திடீர்னு கரண்ட் போயிடுச்சு. ஒரே கத்தல். நாங்க ஓடறதுக்குள்ள அடங்கிடுச்சு. அப்புறம் அவனே வெளிய வந்தான்." குரலைத் தாழ்த்தினார். "அந்த இருட்டுல, சுவரத் தடவக்கூட இல்ல."

அவள் உள்ளே பார்த்தாள். வாசலில் வெயில் கொட்டியது. அடுத்த மண்டபத்தில் அது பாதியானது. அதற்கடுத்ததில் தூண்கள் நெருங்கி, கூரை தாழ்ந்து, வெளிச்சம் தரையோடு தேய்ந்தது. கடைசியில் ஜன்னலே இல்லாத அந்தச் சின்ன அறை. 'உள்ள போகப் போக வெளியுலகம் மறக்கணும், அதுக்குத்தான் இருட்ட அடுக்கடுக்காக் கட்டறோம்' என்று அவன் பெருமையடித்திருக்கிறான். உங்களுக்குப் பயமில்லையா என்று அவள் கேட்டதற்கு, 'சாமி இருக்கற எடம் இருட்டு இல்லடி' என்றான்.

இப்போது சாமி கொட்டகையில் இருந்தது.

"குடமுழுக்கு ஆகட்டும்மா" என்றார் குருக்கள். "சாமி தன் எடத்துக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களை ஓட்டினாள். அவன் வேலைக்குப் போகவில்லை. உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வைத்த சோறு ஆறி, காய்ந்து, அப்படியே இருந்தது. என் புருஷனைக் கொடுத்துவிடு, வேறெதுவும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டே தட்டை எடுத்துப்போவாள்.

குடமுழுக்கன்று அவனைக் கூட்டிப்போனாள். மறுக்காமல் வந்தான். கும்பத்து நீர் கல்லின் மேல் விழுந்தது. மணி அடித்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் கை கூப்பவில்லை. இமைக்கவும் இல்லை.

கூட்டம் கலைந்தது. உச்சி வேளை. நடை சாத்தும் நேரம். அவள் மட்டும் அவனோடு நகராமல் நின்றாள்.

குருக்கள் உள்ளே இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கடைசி விளக்கும் போனது. கல்லின் முகம் மறைந்தது.

அப்போது கேட்டது. மெதுவாக. உள்ளேயிருந்து.

"ஏய்... லைட்ட அணைக்காத."

"குருக்களே, சாத்தாதீங்க! அவர் உள்ள இருக்காரு!"

"யாரும்மா? உன் வீட்டுக்காரர் அதோ உன் பின்னாலதானே நிக்கறார்" என்று சொல்லிக்கொண்டே குருக்கள் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு விழுந்தது. கதவுக்குள்ளே அவன் கத்தத் தொடங்கினான்.

பின்னாலிருந்து ஒரு ஜில்லென்ற கை வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டது.