வரிசையில் இருபத்துமூன்றாவது படகு

சுமி கணினியில் பக்கத்தைப் புதுப்பித்தாள். மாற்றமில்லை. மறுபடி புதுப்பித்தாள்.

“அக்கா, அந்தப் பொத்தான் தேஞ்சு போவும்,” என்றான் தம்பி ஜிஜின்.

“எலே, சும்மா இரி.”

உதியன்குளங்கரையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சுமி ஒரு கணினி விளையாட்டு செய்திருந்தாள். பூவார் கழிமுகத்துப் படகில் ஆட்களை ஏற்ற வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் படகு மூழ்கும். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இலவசமாக நடத்தும் ஒரு மென்பொருள் திட்டத்துக்கு அதை அனுப்பியிருந்தாள். தன்னார்வலர் ஒருவர் இயக்கிப் பார்த்து ‘சரி’ சொன்னால்தான் திட்டத்தில் சேர்ப்பார்கள். சேர்ந்தால்தான் வெள்ளிக்கிழமை நடக்கும் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாம் என்று கணினி ஆசிரியர் ராஜையா சார் சொல்லிவிட்டார்.

இன்று செவ்வாய், பள்ளிக்கு விடுமுறை. அவளுக்கு முன்னால் இருபத்திரண்டு விளையாட்டுகள். பத்தொன்பது நாளாக ஒன்றுகூட நகரவில்லை.

“மக்கா, சோறு ஆறிப்போவுது,” என்று அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

“வாறேன் அம்மா.” ஆனால் எழுந்திருக்கவில்லை.

‘ஏன் யாருமே பார்க்கவில்லை?’ என்று திட்டக்காரர்களுக்குக் கோபமாக எழுதினாள். அனுப்பும் முன் விதிகளைப் படித்தாள். யார் வேண்டுமானாலும் இயக்கிப் பார்க்கலாம். தன்னுடையதை மட்டும் தானே பார்க்கக் கூடாது.

எழுதியதை அழித்தாள். வரிசையின் முதல் விளையாட்டை இறக்கினாள். பறவைகளைப் பற்றியது. அரை மணி நேரம் போராடியும் திறக்கவில்லை. எப்படித் திறப்பது என்று ஒரு வரிகூட இல்லை.

“இப்படி வச்சா யாரு பாப்பாங்க? பாதியில ஓடிப் போவாங்க.”

“உனக்க வெளயாட்டுல எழுதியிருக்கா?” என்று கேட்டான் ஜிஜின்.

சுமி தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதிலும் இல்லை. தன் விளையாட்டைத் திறக்கும் வழியை நான்கு வரிகளில் எழுதிச் சேர்த்தாள். பறவை விளையாட்டு செய்தவரிடம் வழி கேட்டு எழுதினாள். மாலையில் பதில் வந்தது. விளையாடிப் பார்த்து, ‘குயில் காகம்போலக் கத்துகிறது. மற்றதெல்லாம் நன்று’ என்று எழுதினாள்.

பிறகு வரிசையில் உள்ள எல்லோருக்கும் ஒரு செய்தி: ‘நான் ஒன்று பார்த்துவிட்டேன். காத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்னொருவருடையதைப் பார்க்கலாமா? திறக்கும் வழியையும் எழுதுங்கள்.’

புதன்கிழமை மூன்று நகர்ந்தன. வியாழன் மதியத்துக்குள் பதினொன்று. சுமியுடையது அப்படியே நின்றது. பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் அங்குமிங்கும் நடந்தாள்.

ஐந்து மணிக்கு யாரோ எழுதியிருந்தார்: ‘எளிதாகத் திறந்தது. ஆனால் ஒருவருமே ஏறாத படகும் மூழ்குகிறது.’

சுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தப்பு சொன்னதுக்கா இந்தச் சிரிப்பு?” என்றான் ஜிஜின்.

“பின்ன? ஒருத்தரு வெளயாடிப் பாத்தாச்சு ஆக்கும்.”

ஒரே வரியைத் திருத்தி அனுப்பினாள். ஆறு மணிக்கு ‘சரி’ வந்தது.

வெள்ளிக்கிழமை கண்காட்சியில் படகு விளையாட வந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுமியை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.